அத்தியாயம் 7: தாழ்த்திய பழைய காருக்குப் பின்பக்க சஸ்பென்ஷன்

எண்ணூர் என்றால் இன்று லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். 1948-இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் அங்கே முதலில் கூட்டிச் சேர்த்ததோ ஆஸ்டின் ஏ40 என்ற சிறிய இங்கிலாந்துக் காரை. 1955-இல் லேலண்ட் பெயரும் சேர்ந்து நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது; கார் விலகி, கனரக வண்டி நிலைத்தது. ஆனால் அந்த ஏ40-இன் பின் அச்சைத் தாங்கிய தொழில்நுட்பம் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவே இல்லை. அதுதான் பட்டை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் லாரிக்குப் பட்டை மாற்றும், வளைவு ஏற்றும், புஷ் அடிக்கும் பட்டறைகள் இன்றும் தெருவோரம் இயங்குகின்றன. பழைய அம்பாசடரையோ பத்மினியையோ தாழ்த்தி ஓட்ட ஆசைப்படும் ஒருவருக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் அமைவது கடினம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கைகள் வண்டியை உயர்த்தவும் விறைப்பாக்கவும் பழகியவை. பத்து டன் சுமைக்கு ஒரு பட்டை கூட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஒரு காரை 25 மில்லிமீட்டர் இறக்கி, சவாரியும் கெடாமல் பார்த்துக்கொள்வது அன்றாட வேலை அல்ல. அளவுகளைக் கார்க்காரர்தான் கொண்டுபோக வேண்டும். எந்த அளவுகள் என்பதே இந்த அத்தியாயம்.

தாழ்த்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே எத்தனை விரல் போகும் என்பதில் தொடங்கி அங்கேயே முடிகிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை அச்சு மேலேற எவ்வளவு இடம் மிச்சம்? ஒரு காருக்கு அந்த இடம் 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 50 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 40. ஒரு குழியின் அடியை ஸ்பிரிங் விழுங்கும் திறன், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே அடியை 40 மி.மீ.க்குள் விழுங்க ஸ்பிரிங் ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒரு காரில் யாரும் உட்கார மாட்டார்கள். 25 மி.மீ. மட்டும் இறக்கினால் மிச்சம் 65. தேவைப்படும் விறைப்பு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு பங்கை ஸ்பிரிங்கும் மீதியை நல்ல பம்ப் ஸ்டாப்பும் பகிர்ந்துகொண்டால் காரியம் நடக்கும். முதல் 25 மி.மீ. மலிவு, இரண்டாவது 25 மிகவும் விலை கூடியது. பின்பக்கத்துக்கு என்ன வாங்கலாம் என்ற தேர்வு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

சாலையும் இந்தக் கணக்கில் சேரும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உடைய மெல்லிய வளைவு; அதன் ஆரம் 17 மீட்டர். அம்பாசடரின் வீல்பேஸ் 2,464 மி.மீ. நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேல் நிற்கும்போது நடுவில் தரை உயர்ந்து வருவது சுமார் 45 மி.மீ. மட்டுமே. எவ்வளவு தாழ்ந்த காரும் அதைக் கடந்துவிடும். ராயபுரம், காசிமேடு உள்தெருக்களில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு சாண் அகலத்தில் சிமெண்டைக் குவித்த திடீர் மேடு முழு உயரத்தையும் காரின் வயிற்றில் காட்டும். அதனால் நான்கு பேர் ஏறிய நிலையில், காரின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் 130 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது இந்த நூலின் பரிந்துரை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் தாரை அமுக்கி உண்டாக்கும் தடங்களையும் எண்ண வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் அந்தத் தடத்துக்குள் சக்கரம் இறங்கினால் நடு மேடு சைலன்சருக்கு மிக அருகில் வந்துவிடும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் கிரவுனும் ஹவுசிங்கும் சக்கரங்களோடு சேர்ந்த ஒரே துண்டு. பாடியை எவ்வளவு தாழ்த்தினாலும் கிரவுன் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதை மாற்றுவது டயர் மட்டுமே. குறைவது கிரவுனுக்கும் தரைத்தகட்டுக்கும் இடையிலான வெளியும், பிரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் டன்னலுக்கும் இடையிலான வெளியும். ஆகவே தாழ்த்திய காரில் அடி கீழிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளிருந்தும் வரும். ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கதை வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கிடைக்கும் பழைய கார்களை அவற்றின் பின்பக்க அமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை அரை நீள்வட்டப் பட்டையில் நிற்கும் ஒற்றை அச்சு: ஆஸ்டின் ஏ40, 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை வந்த அம்பாசடர், 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாகத் தொடங்கிப் பின்னர் பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறிய கார். இரண்டாவது, காயில் ஸ்பிரிங்கும் இணைப்புத் தண்டுகளும் கொண்ட அச்சு. 1984-இல் வந்த கண்டெஸ்ஸா இதற்கு உதாரணம். மூன்றாவது, வண்டலூரில் பிறந்த ஹெரால்டின் ஊசல் அச்சு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பட்டைக் கார்களே அதிகம் என்பதால் முதலில் அவை.

பட்டைக் காரைத் தாழ்த்த பட்டறையில் சொல்லப்படும் வழிகள் மூன்று. அவற்றில் மிக மோசமானதுதான் மிக மலிவானது: கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவிவிடுவது. ஒரே தடிமனுள்ள ஆறு பட்டைகளில் ஒன்றை எடுத்தால் சுமையை ஐந்து பட்டைகள் சுமக்கும்; ஒவ்வொன்றின் உள்ளழுத்தமும் 20 சதவீதம் ஏறும். முன்பு 120 மி.மீ. அமுங்கி நின்ற கட்டு இப்போது 144 அமுங்கும். கார் 24 மி.மீ. இறங்கிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்வார். ஆனால் அமுங்க இடம் குறைந்த அதே நேரத்தில் ஸ்பிரிங்கும் இளகிவிட்டது. இரண்டு தீமைகளும் ஒன்றாகக் கூடிய ஏற்பாடு இது. இதைச் செய்த கார் முதல் கல்யாணப் பயணத்திலேயே பின்சீட்டுக்காரர்களோடு பம்ப் ஸ்டாப்பில் உட்காரும்.

இரண்டாவது வழி, ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது. முதலில் குனிந்து பார்க்க வேண்டும்: ஹவுசிங் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, கீழே தொங்குகிறதா? கார்களில் பெரும்பாலும் ஹவுசிங் மேலே இருக்கும். அங்கே கட்டை வைத்தால் வண்டி தாழும். லாரியில் பட்டை அச்சின் மேல் இருப்பதால் அதே கட்டை வண்டியை உயர்த்தும். கட்டை வைப்பதால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. அமுங்கும் இடம் மட்டும் கட்டையின் முழு உயரத்துக்குக் குறையும். 20, 25 மி.மீ. வரை இது நேர்மையான வழி. விரும்பாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் ஒரே துண்டு எஃகோ அலுமினியமோ வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை உட்காரக் கீழே குழியும், ஹவுசிங் இருக்கையின் துளையில் உட்கார மேலே முளையும் வேண்டும். மரத்துண்டு கூடாது, வாஷர் அடுக்கக் கூடாது, கட்டை மேல் கட்டை கூடவே கூடாது. யூ-போல்ட் கட்டாயம் புதிது.

மூன்றாவது வழி பட்டைக் கட்டையே புதிதாகச் செய்துகொள்வது. வட சென்னையில் இருப்பவருக்கு இந்த நூல் முதலில் சொல்லும் வழி இதுதான். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் கனத்தோடு ஏறும். அரை மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் விளங்கும்: 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 6.5 மி.மீ. போட்டால் விறைப்பு 27 சதவீதம் கூடும். தாழ்த்திய காருக்கு ஏறத்தாழ இந்தக் கூடுதலே தேவை. இதில் ஒரு பொறி இருக்கிறது. விறைப்பான கட்டு குறைவாகவே அமுங்கும், 120 மி.மீ. அமுங்கிய இடத்தில் இப்போது சுமார் 94-தான். அதாவது தடித்த பட்டை போட்டவுடன் கார் 26 மி.மீ. மேலெழும். 25 மி.மீ. இறக்க நினைப்பவர் பட்டையின் வளைவை 25 குறைக்கச் சொன்னால் கார் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டையும் கூட்டி 50 மி.மீ. வளைவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து ஏமாந்து திரும்புகிறவர்களில் பலர் இந்தக் கூட்டலைச் செய்யாதவர்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று, வளைவை எப்படி மாற்றுவார் என்பது. கேஸ் வெல்டிங் சுடரால் ஒரு இடத்தில் மட்டும் பழுக்கக் காய்ச்சித் தட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். சில மாதங்களில் அங்கேயே தளரும் அல்லது ஒடியும். சிலிக்கான்-மாங்கனீஸ் ஸ்பிரிங் எஃகை முழு நீளமும் ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி வரை உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450-ஐ ஒட்டிய சூட்டில் பதப்படுத்த வேண்டும். உலையும் எண்ணெய்த் தொட்டியும் இல்லாத பட்டறை என்றால், சூடே காட்டாமல் அழுத்தி வளைக்கச் சொல்வது நல்லது. கட்டைப் பிரிக்கும்போது பட்டை நுனிகளின் ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்து, இடையில் நைலான் துண்டு வைத்தால் பட்டைகள் ஒன்றையொன்று கடிக்காமல் வழுக்கும். சவாரியில் வரும் மாற்றம் உடனே தெரியும்.

சஸ்பென்ஷனின் சுகத்தை அளக்க எளிய வழி, கார் ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்று பார்ப்பது. 120 மி.மீ. அமுங்கிய கட்டு விநாடிக்கு 1.4 முறை ஆடும், 94 மி.மீ. அமுங்கிய கட்டு 1.6 முறை. இரண்டும் குடும்பக் காரின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. 2-ஐத் தாண்டினால் அது சோழவரத்துக்குப் பொருந்தும் கார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் தாழ்ந்து விறைத்து ஓடியதற்கு அந்தச் சமதளம் இடம் கொடுத்தது. டி.எச். ரோடு கொடுக்காது.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் இரண்டு தவறுகள் சேர்ந்தே நடக்கின்றன: நீளம் பார்க்காமல் வாங்குவது, கிடைத்ததிலேயே கடினமானதை வாங்குவது. ஸ்பிரிங் 27 சதவீதம் விறைத்தால் ஷாக்கின் பிடி கூட வேண்டியது அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே, சுமார் 13 சதவீதம். புதிய நல்ல ஷாக்குக்கும் தேய்ந்த பழையதற்கும் உள்ள வித்தியாசமே அதைவிடப் பெரிது. நீளத்துக்கு ஒரு சோதனை உண்டு. கட்டில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, ஹவுசிங்கை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை உயர்த்த வேண்டும். மேல், கீழ் ஷாக் துளைகளுக்கு இடையே அப்போது உள்ள தூரத்தைவிட, முழுக்க மூடிய ஷாக் குறைந்தது 15 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாக்கே பம்ப் ஸ்டாப்பின் வேலையைச் செய்து, மேல் பிராக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு போகும்.

சாய்வும் முக்கியம். நேராக நிற்கும் ஷாக்கோடு ஒப்பிட்டால் 30 டிகிரி சாய்ந்தது முக்கால் பங்குதான் வேலை செய்யும். 45 டிகிரி சாய்ந்தது பாதி. பின்சீட்டுக்கு அடியில் இடம் இல்லையென்று ஷாக்கைப் படுக்கவைக்கும் பிராக்கெட்டுகள் வாங்குமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, எல்லோரும் ஆசைப்படும் நான்கு தண்டு அமைப்பு. பட்டையை முழுக்க எடுத்துவிட்டு, நான்கு தண்டுகளால் அச்சைப் பிடித்து, காயில் ஸ்பிரிங்கில் காரை நிறுத்துவது. பட்டைக்கு இரண்டு வேலை: காரைச் சுமப்பது, அச்சை இடத்தில் பிடிப்பது. என்ஜின் பலம் கூடக்கூட இரண்டாவது வேலையில் அது தடுமாறும். கிளட்சை விட்டவுடன் பட்டை எஸ் போல முறுக்கிக்கொண்டு அச்சு துள்ளும். இசுசு 1.8 என்ஜின் போட்ட அம்பாசடரை அழுத்தி ஓட்டுபவருக்கு அந்தத் துள்ளல் உண்மையான பிரச்சினை. சாதாரண பத்மினிக்கு அது இல்லை. இல்லாத நோய்க்கு இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை வேண்டாம்.

அறுவை என்பது வெறும் பேச்சு இல்லை. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். தொழிற்சாலை பலப்படுத்தியது பட்டையின் முன்கண்ணும் ஷேக்கிளும் மாட்டும் இடங்களை மட்டுமே. நான்கு தண்டுகளின் விசை புதிய நான்கு புள்ளிகளில் மெல்லிய தகட்டை இழுக்கும். கடலோரக் காரில் அந்தத் தகடு எந்த நிலையில் இருக்கும்? எண்ணூர் விரைவுச் சாலையில் பாறைச் சுவரைத் தாண்டித் தெறிக்கும் உப்புநீர், காசிமேட்டுக் காற்று, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் எல்லாம் பெட்டிப் பகுதிக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். எந்தக் கிட்டுக்கும் முன்பணம் கொடுக்குமுன் பட்டை முன்கண் பிராக்கெட்டைச் சுற்றி ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே போனால், சஸ்பென்ஷனுக்கு ஒதுக்கிய பணம் முதலில் டிங்கரிங்குக்கு.

கண்டெஸ்ஸா உரிமையாளருக்கு வேலை எளிது. காயிலை மட்டும் மாற்றினால் போதும். அச்சைத் தண்டுகள் ஏற்கெனவே பிடித்திருக்கின்றன. கவனிக்க வேண்டியது குறுக்கே ஓடும் பன்ஹார்டு தண்டு. தாழ்ந்த பின் அது சாய்ந்து நிற்கும். 800 மி.மீ. நீளத் தண்டு என்று கொண்டால், 50 மி.மீ. சாய்வில் அச்சு ஒன்றரை மி.மீ. மட்டுமே பக்கவாட்டில் நகரும்; அதன்மேல் இன்னொரு 50 மி.மீ. அமுங்கும்போது மொத்த நகர்வு 6 மி.மீ.க்கு மேல் போகும். அகல டயர் போட்டவருக்கு மட்கார்டு ஓரத்தில் உரசல் ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்கு இதுவே காரணம். நீளம் மாற்றக்கூடிய தண்டு இதற்குத் தீர்வு. காயிலை வளையம் வெட்டிக் குட்டையாக்குவது பழைய பழக்கம். அச்சு தொங்கும்போது வெட்டிய காயில் இருக்கையை விட்டுக் கழன்றுவிடக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஹெரால்டுக்கு வருவோம். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரித்த இந்தக் காரில் கிரவுன் சேஸிஸோடு போல்ட் செய்யப்பட்டது. அதன் முதுகில் ஒரே குறுக்குப் பட்டை. இரு பக்கமும் அரை அச்சுகள் ஊசல்போல் ஆடும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று காலை எடுத்தால் பின்பாகம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அமெரிக்காவின் கார்வேர் காரில் இதே வகை அச்சுதான் 1965-இல் ரால்ஃப் நாடரின் புத்தகத்துக்குப் பொருளானது. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1970-இல் ஸ்பிட்ஃபயர் நான்காம் மாடலில் ஒரு நல்ல தீர்வு கண்டது: குறுக்குப் பட்டையின் மெயின் பட்டை தவிர மற்றவை நடுவில் ஒரு சுழல் புள்ளியில் சாய விட்டது. கார் சாயும்போது பட்டை எதிர்க்காது, சக்கரமும் மடங்காது. வண்டலூர் வேறு வழி எடுத்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸல் மாடலில் ஊசல் அச்சையே விட்டு ஒற்றை அச்சுக்கு மாறியது.

ஹெரால்டைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். மடங்கும் பயம் குறையும். அதனால் சற்றுத் தாழ்த்துவது இந்தக் காருக்கு நல்லதே செய்யும். அளவு மீறக் கூடாது. அரை அச்சின் நீளம் அரை மீட்டர் என்று கொண்டால் 25 மி.மீ.க்கு சுமார் 3 டிகிரி சாய்வு, 50 மி.மீ.க்கு ஏறத்தாழ 6. ஆறு டிகிரியில் டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும், அரை அச்சின் கிராஸும் சீக்கிரம் போகும். கிரவுன் சேஸிஸோடு இருப்பதால் தாழ்த்திய அளவுக்கு அதுவும் தரையை நெருங்கும். ஹெரால்டுக்கு 25 மி.மீ., அதோடு ஸ்பிட்ஃபயர் வகைச் சுழல் பட்டை கிடைத்தால் அது. இந்த இரண்டுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

காற்றுப் பை பற்றியும் கேட்பார்கள். வேகத்தடை வந்தால் உயர்ந்து, நின்றால் தரையோடு தாழும் கார் என்பது கவர்ச்சியானதுதான், 130 மி.மீ. பிரச்சினைக்கு அது உண்மையான விடையும்கூட. ஆனால் பை சுமக்க மட்டுமே செய்யும், அச்சைப் பிடிக்காது. எனவே பட்டைக் காரில் நான்கு தண்டும் சேர்ந்தே வர வேண்டும். கடலோர ஈரக்காற்றை அமுக்கும் கம்ப்ரசர் தொட்டிக்குள் தண்ணீரைச் சேர்க்கும். உலர்த்தியும், வாரம் ஒருமுறை திறந்துவிடும் வால்வும் இல்லாத கிட்டை இந்த வட்டாரத்தில் வாங்கக் கூடாது.

சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழுதான பட்டையை மாற்றுவதும் பாடியை வெட்டி வெல்டிங் செய்வதும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. 50 வயது தாண்டிய காருக்கு 2021 விதிகளின்படி ‘வி.ஏ.’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சேஸிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தப் பதிவு. கழற்றினால் தடம் தெரியாத கட்டையும், பழைய இடத்திலேயே மாட்டும் புதுப் பட்டையும் இந்தக் காரணத்துக்காகவும் முன்னே நிற்கின்றன.

மாட்டும் நாளில் மூன்று விஷயங்களை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றே பார்க்க வேண்டும். ஹவுசிங் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்பது ஒன்று. ஹவுசிங்கின் மூக்கு திரும்பிய கோணம் மற்றது. பிரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கிராஸ்களும் சம அளவு மடங்க வேண்டும், இல்லையென்றால் 60 கி.மீ. வேகத்திலேயே தரை அதிரும். ஒன்றிரண்டு டிகிரி ஆப்பு வைத்து அதைச் சரிசெய்யலாம். மூன்றாவது, முன்கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் கார் ஜாக்கியில் இருக்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரத்தில் இறக்கி, முழு எடையும் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் நாள் முழுவதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். யூ-போல்ட்டுகளை முதல் 100 கி.மீ.க்குப் பிறகும், 500 கி.மீ.க்குப் பிறகும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்த்து, அதே நேரத்தில் நான்கு சக்கர மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். புதுப் பட்டை முதல் சில வாரங்களில் சில மில்லிமீட்டர் அமரும். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கட்டு பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.